ஒரே ஓர் ஆள் இருந்த ஊர்

ஒரே ஓர் ஊரில் ஒரே ஓர் ஆள் இருந்தார். ராஜாவும் அவரே, குடிமக்களும் அவரே.

தமிழ்நாட்டில் ஒரு சின்ன மாவட்டம். அதன் கடைசி மூலையில் இருக்கிற அந்த ஊரைப் பூட்டிவிட்டு வந்த ரத்தினவேல், இப்போது டெல்லி ஆர்.கே.புரத்தில், மகனின் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து பையில் வேட்டியைத் திணித்துக்கொண்டிருந்தார்.

“திங்கக்கிழமை ஆபரேஷன். இன்னிக்கு ரயில் ஏறுறேங்கறீங்களே, நியாயமாப்பா?” என்றான் மகன் இளஞ்செழியன்.

“ஜனத்தொகைக் கணக்கு எடுக்கறாங்கடா. வீடு பூட்டிக் கிடந்தா ஆளில்லாத ஊருன்னு எழுதிடுவாங்க.”

“எழுதட்டுமே! ஆபீஸ்ல நான் பார்க்கறதே அந்த வேலைதான். எத்தனை ஊரு பூஜ்யம்னு வருது தெரியுமா? எந்த ஊரும் உட்கார்ந்து அழுததில்ல.”

ரத்தினவேல் பையின் ஜிப்போடு மல்லுக்கட்டினார். அதற்கே மூச்சு வாங்கியது.

மருமகள் மதுமதி மாத்திரை டப்பாவோடு வந்தாள்.

“ஒருத்தருக்காக ஒரு தெருவிளக்கு, ஒருத்தருக்காக ஒரு பஸ்ஸு. அந்த ராஜபோகத்தை விட மனசு வருமா? நம்ம ரெண்டு ரூம் எல்லாம் மாமாவுக்கு எங்க பத்தும்!”

“கண்டக்டர் எனக்குன்னு ஜன்னலோர சீட்டு போட்டு வெச்சிருப்பாரும்மா” என்று சிரித்தார்.

“சிரிக்காதீங்க மாமா. இந்தத் தேதிய வாங்க இவரு யார் யார் கையப் பிடிச்சாருன்னு எனக்குத்தான் தெரியும். இதை விட்டா அடுத்தது எப்பன்னு டாக்டருக்கே தெரியாது. அதுவரைக்கும் உங்க இதயம் தாங்குமான்னும் தெரியாது.”

“தாங்கும்மா. வீம்பு பிடிச்ச இதயம்.”

இளஞ்செழியனுக்குக் கண் கலங்கியது. குரலை உயர்த்தி அதை மறைத்தான்.

“பெத்த பிள்ளைய விட அந்தக் காலி ஊரு பெரிசாப் போச்சு உங்களுக்கு. போங்க. அங்க போயி முடியலைன்னு எனக்கு போன் பண்ணாதீங்க.”

சொன்னானே தவிர, ஸ்டேஷனுக்கு அவனேதான் கூட்டிவந்தான். நிஜாமுதீன் பிளாட்பாரத்தில் அப்பாவின் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

ரயில் வந்து நின்றபோது ரத்தினவேலின் போன் அடித்தது. காது மந்தம், எப்போதும் ஸ்பீக்கர்தான்.

“ஐயா, நம்ம ஊரு செங்கச் சூளையிலேர்ந்து வள்ளி பேசறேன். கணக்கெடுக்கறவரு வந்து உங்க வீட்டுப் பூட்டைப் பார்த்துட்டுப் போயிட்டாரு. இன்னும் ஒரு தடவை வருவாராம். நாங்க சீசனுக்கு வந்து போறவங்க, எங்க பேரெல்லாம் எங்க சொந்த ஊர்க் கணக்குலதானாம். ஆளில்லாத ஊருன்னு ஆயிட்டா பஸ்ஸ நிறுத்திடுவாங்கன்னு கண்டக்டரு சொல்றாரு...”

செருமிவிட்டு வள்ளியே தொடர்ந்தாள்.

“பரவால்லைய்யா. நீங்க உடம்பப் பாருங்க. பஸ்ஸு இல்லேன்னா எங்க பிள்ளைங்க பள்ளிக்கூடத்தை விட்டுட்டுப் பழையபடி கல்லு அடுக்கிட்டுப் போவுதுங்க.”

“அதெல்லாம் வேணாம் தாயி. கிளம்பிட்டேன்னு சொல்லு அந்தப் பிள்ளைங்ககிட்ட.”

இளஞ்செழியன் அப்பா பக்கம் திரும்பினான்.

“ஏம்பா... இதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?”

ரத்தினவேல் மகனின் சட்டைக் காலரை நீவிவிட்டார்.

“சொல்லியிருந்தா நீயே என்னை அனுப்பி வெச்சிருப்படா. நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நாமதானே அனுப்பினோம்னு ஆயுசு பூரா உனக்கு உறுத்தும். கெழவன் வீம்புக்குப் போனான்னு திட்டிட்டு நீ நிம்மதியா இருப்பேன்னுதான்...”

பையின் ஒரு பிடி அவர் கையில் இருந்தது. இன்னொன்று மகனின் கையில்.

ரயில் ஊதியது. இளஞ்செழியனின் விரல்கள் மெல்லத் தளர்ந்தன.

ரத்தினவேல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க, பெட்டியை நோக்கி நடந்தார்.