நானூறு வாட்ஸ் சீர்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது: ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு, ஆவணி மாதம், நெல்லைச் சீமையின் முதல் நானூறு வாட்ஸ் கம்ப்யூட்டர் வண்ணார்பேட்டைக் கல்யாண மண்டபத்துக்கு எழுந்தருளியது. சீர் வைத்திருந்த அறையில், வெள்ளிக் குத்துவிளக்குக்கும் பித்தளைத் தவலைக்கும் நடுவே, நெற்றியில் சந்தனப் பொட்டோடு அது வீற்றிருந்தது.

பார்க்க வந்தவர்கள் எல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை. அதை விற்ற கணேஷ்ராம் மட்டும் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான்.

பத்து நாளைக்கு முன்னால் பெண்ணின் அப்பா பூதலிங்கம் பிள்ளை, மாப்பிள்ளை கைப்பட எழுதிய சீட்டோடு அவன் கடைக்கு வந்தார். மாப்பிள்ளை குருபிரசாத் பெங்களூரில் கம்ப்யூட்டர் என்ஜினியர். கல்யாணப் பத்திரிகையிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சீட்டில் இருந்தது இது: 'உள்ளே கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். டப்பா நானூறு வாட்ஸ் இருக்க வேண்டும். வாட்ஸ் கூடினால் வேகம் கூடும்.'

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இருநூறே தாராளம். நானூறு என்பது ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்கிவர லாரி பிடிக்கிற காரியம். லாரி பெரிது என்பதற்காகக் கொத்தமல்லி சீக்கிரம் வந்துவிடாது.

"அண்ணாச்சி, இருநூறு போதும். வேகத்துக்கும் வாட்ஸுக்கும் சம்பந்தமே இல்ல."

"ஏலே, நீ வண்ணார்பேட்டை, அவரு பெங்களூரு. யாரு சொல்லுதத நான் கேக்கணும்? நானூறு இல்லன்னா சம்பந்தி வீட்டுல மூஞ்சியத் தூக்கிருவாவ. எம் மவ சங்கரிக்காக ஸ்ரீவைகுண்டத்து வாழைத்தோட்டத்தையே வித்துட்டேன், ஒரு டப்பாவுலயா கஞ்சத்தனம் பாப்பேன்?"

பெங்களூர் என்ஜினியரே சொல்லும்போது நமக்குத்தான் தெரியவில்லையோ என்று கணேஷ்ராம் ஆர்டரை எழுதிக்கொண்டான். ஆனால் நானூறு திருநெல்வேலியில் கிடைக்கவில்லை, மதுரையிலும் கிடைக்கவில்லை. முகூர்த்தம் நெருங்கியது. இருநூறையே மாட்டி, அதன் மேல் '400' என்று அச்சடித்த சீட்டை ஒட்டி, நானூறின் விலையையும் வாங்கிக்கொண்டான்.

"உன்ன நம்பித்தாம்லே," என்று பிள்ளை அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது, தாலி கட்ட ஒரு மணி நேரம் இருக்கையில், மாப்பிள்ளையின் அம்மா ஞானம்பாள் ஆரம்பித்தாள். "ஏ குருபிரசாத், அந்த நானூறு வாட்ஸப் போட்டுத்தான் காட்டேன். உன் அத்தைமாரெல்லாம் பாக்கணும்னு நிக்காவ."

மாப்பிள்ளை கம்ப்யூட்டரை உற்றுப் பார்த்தார். பின்பக்கம் போய்ப் பார்த்தார். முகம் இறுகிவிட்டது.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க. கடைக்கார அண்ணாச்சி மட்டும் இருக்கட்டும்."

"என்ஜினியர்னா என்ஜினியர்தான். உள்ள கழத்திப் பாக்கப் போறாரு!" என்று பூதலிங்கம் பிள்ளைக்குப் பூரிப்பு தாங்கவில்லை. போகிற போக்கில் கணேஷ்ராமின் தோளைத் தட்டினார். "நீ ஏம்லே வேர்க்க? உன் சாமான்ல குறை சொல்ல முடியுமா?"

அந்தத் தட்டு, அறை வாங்கியதுபோல் வலித்தது. மாப்பிள்ளை கதவைச் சாத்தித் தாழ் போட்டதும் கணேஷ்ராம் உடைந்தே போனான்.

"மாப்ளே, உள்ள இருக்கது இருநூறுதான். சீட்ட ஒட்டினது நான். உங்க மாமனாருக்கு ஒண்ணும் தெரியாது. பணத்த இன்னைக்கே அவருட்ட குடுத்திருதேன். ஒரு கம்ப்யூட்டர் என்ஜினியரையே ஏமாத்தப் பாத்தது என் புத்தி கெட்டதனம். அந்தப் புள்ள கல்யாணத்த மட்டும் நிறுத்திராதீய."

மாப்பிள்ளை பட்டு வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். கதவுத் தாழை இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தார். பிறகு கணேஷ்ராமின் காதருகே குனிந்தார்.

"அண்ணாச்சி, கம்ப்யூட்டரையே நான் இன்னைக்குத்தான் பாக்கேன்."