நீல எஃகில் ஒரு கட்டைவிரல்

"நோரீன்! இங்க வா!" வெர்லின் போட்ட கூச்சலில் கார் கொட்டகைக் கூரையிலிருந்த புறாக்கள் படபடவென்று பறக்கின்றன. மேஜையில் விரித்த பழைய துண்டின்மேல் அவன் ஆசையாகச் சொல்லிச் செய்வித்த கைத்துப்பாக்கி கிடக்கிறது. டெக்சாஸ் வெயில் அதன் கருநீல மெருகில் வழுக்கி ஓடுகிறது. அதைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டு டுவைட், புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு குனிகிறான். மெருகின் நடுவே செம்பழுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை, சுழிசுழியாய். வெறுங்கை வியர்வை பட்டதும் எண்ணெய்த் துணியால் துடைக்காவிட்டால் நீல எஃகு இப்படித்தான் துருப்பிடிக்கும்.

"உன் விரல்தான்யா" என்கிறான் டுவைட்.

"என் விரல் இவ்வளவு சின்னதா?"

சோப்பு நுரை காயாத கையோடு நோரீன் வாசலில் வந்து நிற்கிறாள்.

"வெறுங்கையால இதைத் தொடாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

"பொண்டாட்டியக்கூட இப்படித் தடவிக் குடுக்க மாட்டான் இவன்" என்று டுவைட் சிரிக்கிறான்.

நோரீன் சிரிக்கவில்லை. ரேகையைப் பார்க்கிறாள், பிறகு புருஷனைப் பார்க்கிறாள். அந்தப் பார்வையில் வெர்லினுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிடுகிறது. காது மடல்கள் சிவக்கின்றன. எண்ணெய்த் துணியை எடுத்து அவசரமாக ரேகையை மூடுகிறான்.

"சரி, விடு. நீ உள்ள போ."

"அட, சொல்லட்டும்யா! நோரீன், உனக்கு எதுக்குத் துப்பாக்கி?"

அவள் குரல் உயரவே இல்லை.

"வேலை போன அன்னிக்கு இதை நெத்திப்பொட்டுல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தான், டுவைட். பிடுங்கி ஒளிச்சு வச்சேன். துடைக்கணும்னு தோணல."