விசிலுக்குப் பிறகு ஒரு சிவப்பு அட்டை

அன்று மைதானத்தில் இருந்தவர்கள்: மஞ்சள் அணிப் பெண்கள் பதினொரு பேர், நீல அணிப் பெண்கள் பதினொரு பேர், மாற்று ஆட்டக்காரர்கள் நான்கு பேர், பயிற்சியாளர்கள் இருவர், கோட்டு நடுவர்கள் இருவர், நடுவர் ஒருவர், போட்டிச் செயலாளர் ஒருவர், கணக்கெழுதும் நான். பார்க்க வந்தவர்கள் நாற்பத்தாறு. மொத்தம் எழுபத்தொன்பது பேர். அதில் டாக்டர் யாரும் இல்லை.

பதினான்கு வயதுக்குட்பட்டோர் கால்பந்து, அரையிறுதி. மஞ்சள் ஒன்று, நீலம் சுழி. அந்த ஒரு கோலைப் போட்டவள் குருவி. பட்டப்பெயர்தான். ஆள் சின்னது. பந்துக்கு எழும்பினால் கீழே இறங்க மனமில்லாதவள் மாதிரி இருப்பாள்.

முடிய ஒரு நிமிடம் இருந்தபோது அப்படித்தான் எழும்பினாள். தலை கோல் கம்பத்தில் மோதிய சத்தம் என் மேசை வரைக்கும் கேட்டது.

எட்டு விநாடி கிடந்தாள். எழுந்துவிட்டாள்.

"ஒண்ணும் இல்லையே?" என்று மஞ்சள் அணிப் பயிற்சியாளர் கத்தினார்.

"ஒண்ணும் இல்ல சார்!"

எல்லோரும் கை தட்டினோம். அதற்குள் மிச்சமிருந்த நேரமும் ஓடிவிட்டது; நடுவர் விசில் ஊதினார். ஆட்டம் முடிந்தது. மறுநாள் காலையில் இறுதி ஆட்டம். பெரிய அணிக்கு ஆள் எடுப்பவர்கள் வருவதாக இருந்தது.

நடுவர் நேரே மஞ்சள் அணிப் பயிற்சியாளரிடம் போய் ஏதோ சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். பேச்சு என் காதில் விழவில்லை.

அடுத்து கைகுலுக்கும் வரிசை. குருவி நடுவரின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள். ஒரே வரிதான் இருக்கும். நடுவர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு சட்டைப் பைக்குள் கைவிட்டார்.

சிவப்பு அட்டை!

இருபத்திரண்டு வருடமாகக் கணக்கெழுதுகிறேன். ஆட்டம் முடிந்த பிறகு அட்டை காட்டி அன்றுதான் பார்த்தேன்.

"மேடம், கண்ணாடிய மாத்துங்க!" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் நடுவரைப் பார்த்துக் கத்தினார்.

"அதான் ஆட்டம் முடிஞ்சிடுச்சே! மிச்ச அட்டைய வீட்டுல போய்க் காட்டுங்க!"

குருவியின் அப்பா வேலியைத் தாண்டி வந்தார். "என் பொண்ணு என்னம்மா தப்பு பண்ணா?"

"மரியாதை இல்லாமப் பேசினா. நாளைக்கு ஆட முடியாது."

"அவளா? வீட்டுல பூனையக்கூட வாங்க போங்கன்னு கூப்பிடுறவம்மா அவ!"

"அப்பீல் பண்ணுங்க. ஆனா பொண்ணு உடம்பு நல்லா இருக்குன்னு டாக்டர் சர்டிபிகேட் வேணும். அஞ்சு மணிக்குள்ள."

"வாங்கிட்டு வந்து உங்க மூஞ்சியில..." என்று ஆரம்பித்தவர், கூட்டத்தைப் பார்த்து, "மேசையில வைக்கிறேன்" என்று முடித்தார். மகளை இழுத்துக்கொண்டு போனார்.

விதிப் புத்தகத்தில் நாற்பத்தோரு விதிகள். அத்தனையும் எனக்கு மனப்பாடம். அப்பீலுக்கு டாக்டர் சர்டிபிகேட் என்று ஒரு விதி கிடையாது. சொல்ல வாயெடுத்தேன். நாலு பேர் நடுவில் எனக்குப் பேச வராது. திமிர் பிடித்த அம்மாள் என்று மனத்துக்குள் திட்டிக்கொண்டே, அவர் சொன்ன காரணத்தை அறிக்கையில் எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

மஞ்சள் அணிப் பயிற்சியாளர் உடனே நடுவர் மேல் செயலாளரிடம் புகார் கொடுத்தார். ஐந்து மணிக்குச் செயலாளர் அறையில் விசாரணை.

ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது குருவியின் அப்பா அறைக்குள் வந்தார். கையில் காகிதம். குரல் இறங்கியிருந்தது.

"வழியிலயே ரெண்டு தடவை வாந்தி எடுத்தா சார். மண்டைக்குள்ள மூளை குலுங்கியிருக்காம். குறைஞ்சது மூணு வாரம் ஆடக் கூடாதாம். ஆறுறதுக்குள்ள இன்னொரு அடி பட்டா உயிருக்கே ஆபத்துன்னுட்டார்."

செயலாளர் நடுவர் பக்கம் திரும்பினார். "அது இருக்கட்டும். மரியாதை இல்லாம அப்படி என்னதான் பேசினா அந்தப் பொண்ணு?"

நடுவர் அப்பாவின் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"'மேடம், ஆட்டம் எப்ப ஆரம்பிக்கும்?'னு கேட்டா."

செயலாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இத அங்கேயே சொல்லியிருக்கலாமே?"

"விசில் ஊதினதுமே கோச் சார்கிட்ட சொன்னேன். டாக்டர்கிட்ட காட்டுங்க, நாளைக்கு இறக்காதீங்கன்னு. தூங்கி எழுந்தா சரியாயிடும், நாளைக்குக் கண்டிப்பா இறக்குவேன்னு சொல்லிட்டார். ஆட்டம் நடக்கும்போதுன்னா நானே வெளியே அனுப்பியிருப்பேன். விசில் ஊதினப்புறம் என் கையில இருந்தது அட்டை ஒண்ணுதான்."

பயிற்சியாளர் தன் ஷூ முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் வாயிலிருந்து வரவில்லை.

"இருந்தாலும் அறிக்கையில எழுதினது பொய்தானே?" என்றார் செயலாளர்.

"ஆமா சார். பொய்தான்."

"விட்டுடுங்க சார்," என்று குருவியின் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். செயலாளர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குருவியின் பெயரில் இருந்த சிவப்பு அட்டையை ரத்து செய்தார்கள். மறுநாள் அவள் இல்லாமல் மஞ்சள் அணி இரண்டு கோல் வித்தியாசத்தில் தோற்றது. பொய் அறிக்கை கொடுத்ததற்காக நடுவருக்கு ஆறு ஆட்டம் தடை. அதையும் பதிவேட்டில் நான்தான் எழுதினேன்.

இன்றோடு இரண்டு ஆட்டம் கழிந்தது. பாக்கி நான்கு.