முனியாண்டிக்கு நேர்ந்த ஆடுகள்

மழை வந்தால் ஆட்டுக்கெல்லாம் பக்தி வரும் என்று சொன்னால் நம்புவீர்களா?

எங்கள் எஸ்டேட்டில் வந்தது. எண்பத்து நான்காம் வருஷக் கடைசியில் ஆற்று வெள்ளம் லயத்து வீடுகளுக்குள்ளேயே ஏறிவிட்டது. நாங்களெல்லாம் ஆடுகளைத் தோளில் போட்டுக்கொண்டு முனியாண்டி கோயில் மேட்டுக்கு ஓடினோம். மண்டபத்தில் பாதி மனுஷர், பாதி ஆடு. ஈரத்தில் சளி பிடிக்குமே என்று போர்வையை ஆட்டுக்குப் போர்த்திவிட்டுத் தாங்கள் சாக்கில் படுத்தவர்கள் உண்டு. தீனிக்குக் கோயில் பலாமரம், கீழ்க்கிளையெல்லாம் மொட்டை.

பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனிலிருந்து வரவேண்டிய சாமான் லோரி வரவில்லை. சோறும் உப்பும் தின்று அலுத்துப்போன ஆம்பளைகள், ஓர் ஆட்டை அறுத்து எல்லாரும் சாப்பிடலாம் என்று கூடிப் பேசினார்கள். எங்களை வேலை வாங்கும் மண்டோர் நடராஜாவின் கண் சின்னத்தாயின் கொழுத்த கிடா மேல் போனது.

"அது முனியாண்டிக்கு நேர்ந்தது மண்டோரே," என்றாள் சின்னத்தாய், சாமியைக் கையால் காட்டி. "கத்தி வெக்கிற கைய அவரே பார்த்துக்குவாரு."

நேர்ந்த ஆட்டைத் திருவிழாவுக்கு முன் யார் தொடுவார்? உடனே இராமையாவுக்கும் ஞாபகம் வந்துவிட்டது, தன்னுடையதும் நேர்ந்ததுதான் என்று. அழகேசன், தன் ஆட்டைப் பெண்சாதி நேர்ந்துவிட்டாள் என்றான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மிச்சம் திலகத்தின் ஆடு. செரண்டாவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண், கைக்குழந்தைக்காரி. வேலைக்குப் போன புருஷன் வெள்ளத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான். அவளுக்குப் பொய் சொல்லவும் வரவில்லை, உண்மை சொல்லவும் முடியவில்லை. தாய்ப்பால் வற்றிப்போய், அந்த ஆட்டுப் பாலில்தான் பிள்ளை உயிர் பிடித்திருக்கிறது என்று அத்தனை ஆம்பளைகள் முன்னால் எப்படிச் சொல்வாள்?

"குட்டி செத்த ஆடுதானே, வெச்சு என்ன பண்ணப் போற?" மண்டோர் கயிற்றைப் பிடித்தார். திலகம் ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

சின்னத்தாய் எழுந்து வந்தாள்.

"விடுங்க மண்டோரே. அதுவும் நேர்ந்ததுதான். பிள்ளைக்கு ஜுரம் வந்தப்ப எங்கிட்டதான் சொன்னா. சாமி சத்தியமா."

மண்டோர் கயிற்றை விட்டார். "அப்ப இந்த மண்டபத்துல நேர்ந்துவிடாதது நான் ஒருத்தன்தான் லா," என்றார். ஆடுகள் மிரளும்படி எல்லாரும் சிரித்தோம்.

மேட்டில் மரவள்ளிக்கிழங்கு தோண்டி, யார் மூட்டையிலோ இருந்த நெத்திலியைச் சம்பலாக்கித் தின்றோம். ருசியாகத்தான் இருந்தது. ஆனாலும் பெண்கள் சின்னத்தாயை விடவில்லை. கஞ்சப் பிசினாறி, ஒரு கிடாவைக் காப்பாற்றச் சாமியையே இழுத்தாளே, சின்னப் பெண்ணையும் அந்தப் பொய்யில் கூட்டுச் சேர்த்துக்கொண்டாளே என்று ஒரே பேச்சு. நானும் தலையாட்டினேன்.

மழை விட்ட சாயங்காலம், என் பிள்ளைக்குத் திருநீறு பூசச் சந்நிதிக்குப் போனேன். சின்னத்தாய் சூடம் ஏற்றிக்கொண்டிருந்தாள். பின்னால் ஆள் நிற்பது அவளுக்குத் தெரியாது.

"ஐயா, நான் சொன்னது ரெண்டுமே பொய். உம் முன்னால சொன்ன வாய், இனிமே மாத்த முடியாது. மக கல்யாணப் பந்திக்குன்னு வளர்த்த கிடாவ இப்ப நெசமாவே உனக்கு விட்டுட்டேன், எடுத்துக்க. அந்தப் பச்சப்பிள்ளையோட ஆட்ட மட்டும் கேட்டுடாத சாமி."