ஜன்னல் கம்பி பிடித்த முனைகள்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து விரலோடு விரல் சேர்க்க வேண்டும். தரையில் பட்டால் திரும்பத் துவைக்க வேண்டியதுதான். லூர்துமேரியோடு பேச்சு நின்றதிலிருந்து, அஞ்சுகம் எதிர்முனைகளை ஜன்னல் கம்பியில் முடிந்துவிட்டுத் தனியாகவே மடித்தாள். லூர்துமேரி அடுத்த ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் ஒரே நாளுக்கு லீவு கேட்டு, அஞ்சுகத்துக்கு மட்டும் கிடைத்ததால் வந்த வினை. கொடுத்தவள் மேற்பார்வையாளர் தில்லைநாயகி.

"அவள நைட் ஷிப்டுக்குப் போடுங்கக்கா," என்றாள் அஞ்சுகம்.

"நானே போறேன்க்கா. அவ மூஞ்சியில முழிக்கவே வேணாம்," என்றாள் லூர்துமேரி.

தில்லைநாயகி அஞ்சுகத்தின் முடிச்சுகளை அவிழ்த்து, முனைகளைத் தானே பிடித்து உதறினாள். பாதியில் திரும்பி, "மேரி, இதக் கொஞ்சம் புடி. போன் அடிக்குது," என்று கையை விட்டாள். விரிப்பு தரையைத் தொடுவதற்குள் லூர்துமேரி பாய்ந்து பிடித்தாள்.

எந்தப் போனும் அடிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் தில்லைநாயகி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு விரிப்பு உதறும் சத்தம். இன்னொரு தடவை.

"உன் பக்கம் தொங்குதுடி. தூக்கிப் புடி."

யார் குரல் என்று பிடிபடவில்லை. எட்டிப் பார்க்காமல், அடிக்காத போனைக் காதில் வைத்து, "ஹலோ," என்றாள் தில்லைநாயகி, சற்றுச் சத்தமாகவே.