ஜெசிந்தாவின் ஆல்பம்

இந்தக் காலத்தில் செத்தவர்களைக்கூட யாரும் சும்மா விடுவதில்லை. என் மகள் ஜெசிந்தாவுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு, அவள் பாடிவைத்துப்போன மெட்டல் ராக் பாட்டு ஆல்பத்தை வெளியிட என் கையெழுத்து வேண்டுமென்று வந்து நின்றான், அவளோடு கிட்டார் வாசித்த ரூபன். அவன் நீட்டிய ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டேன். நாற்பது வயலின்கள் ஒன்றாக எழும்பியபோது உடம்பு சிலிர்த்தது; பொய் சொல்லக் கூடாது. டிரம்ஸும் கிட்டாரும் போட்ட இரைச்சலில் பாதி வார்த்தை விளங்கவில்லை. அவள் குரல் மட்டும் எதற்கும் அடங்காமல் மேலே நின்றது. ஆனால் வரிக்கு வரி அவள் இழுக்கும் ஆஸ்துமா மூச்சைக் காணோம்.

"மூச்சு எங்கடே?"

"அதெல்லாம் க்ளீன் பண்ணியாச்சுப்பா. கேக்க நல்லாருக்கணும்லா?"

"இருவத்தாறு வருசம் அந்தச் சத்தம் நிக்காம இருக்கான்னு கேட்டுக்கிட்டே படுத்தவன்டே நான்."

அவன் தாளையும் பேனாவையும் என் கையில் வைத்தான்.

"நல்லாத்தான் இருக்கு. யாரு பாடுனதுன்னுதான் தெரியல" என்று கையெழுத்துப் போடாமலே பேனாவை அவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தேன்.