நாக்குக்கு அடியில்

"ஆ காட்டு," என்றாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த லீடர்.

ரயில் வாயைத் திறந்தாள். நாக்குக்கு அடியில் நீல மாத்திரை அப்படியே கிடந்தது.

வாரத்துக்கு ஓர் இரும்புச்சத்து மாத்திரை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் எல்லாரும் விழுங்கினார்களா என்று பார்த்து டிக் போடுவது வகுப்பு லீடரின் வேலை. மற்றவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கிவிட்டுப் போய்விட்டார்கள். கடைசி ஆள் இவள்தான்.

ரயில் என்ற பட்டப்பெயர் பி.டி. மிஸ் வைத்தது. நானூறு மீட்டரில் அவள் கிளம்பினால் மற்றவர்கள் பிளாட்பாரத்தில் நிற்கிற மாதிரி இருக்குமாம்.

மூன்று வருடமாக இரண்டாவதாகவே வந்த லீடருக்கு யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை. அவளுக்கு முன்னால் ஆடிக்கொண்டு ஓடும் ரயிலின் பின்னல் கனவில்கூட வரும். வயிறு எரியும்.

இந்த வருடம் ரயிலுக்கு மூச்சு வாங்கியது. மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்தாள். போன மாதப் பந்தயத்தில் கடைசி வளைவில் நின்றேவிட்டாள். லீடர் முதலாவதாக வந்தாள்.

அப்போதும் பி.டி. மிஸ் ஓடியது ரயிலிடம்தான்.

நேற்று நர்ஸ் அக்கா விரலில் குத்தி ரத்தம் பார்த்தார். லீடருக்கு ஹீமோகுளோபின் பன்னிரண்டரை. ரயிலுக்கு எட்டு. 'வாராவாரம் மாத்திரை போட்டும் ஏறலையே' என்று அவள் கன்னத்தைத் தடவி, பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

லீடருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோற்றாலும் அவளைத்தானே கொஞ்சுகிறார்கள்!

அடுத்த வாரம் பள்ளிகளுக்கு இடையிலான போட்டி. விழுங்கிவிட்டாள் என்று இப்போது ஒரு டிக் போட்டால் போதும். பேனா ரயிலின் பெயருக்கு எதிரே வந்து நின்றது.

ரயில் மாத்திரையை உள்ளங்கையில் துப்பி மூடிக்கொண்டாள். உதடு வெளுத்துக் கிடந்தது. பக்கத்தில் குனிந்து ரகசியமாகச் சொன்னாள்.

"நல்லவேளைடி, இதைப் போட்டா உடம்பு கனத்துப்போய் ஓடவே முடியாதுன்னு நீ மொதல்லயே சொன்னே. போடாமலே இப்படி மூச்சு வாங்குது. போட்டிருந்தா என்ன ஆயிருப்பேனோ!"

பேனா நகரவில்லை.

லீடர் அட்டையிலிருந்து புது மாத்திரை ஒன்றைப் பிதுக்கி எடுத்தாள்.

"பொய் சொன்னேன். நீ ஜெயிக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன். முழுங்கு."

ரயில் அவளையே பார்த்தாள். கண் நிறைந்தது. அறையப் போகிறாள் என்று லீடர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

ரயில் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு, ஒரே மடக்கில் தண்ணீர் குடித்தாள். புறங்கையால் முகத்தைத் துடைத்தாள்.

"நர்ஸ் அக்காகிட்ட நீதான் சொல்லணும். தனியாப் போக பயமா இருந்தா நானும் வரேன்."

லீடரின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

எப்படி இவளால் முடிகிறது? அழுதுகொண்டே எழுந்த லீடருக்கு அப்போதும் அவள்மேல் பொறாமையாகத்தான் இருந்தது.